இரண்டு குழாய், இரண்டு தண்ணீர்

செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்கள் பிள்ளையார்பட்டியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். குன்றைக் குடைந்து செய்த கோவிலில், துதிக்கையை வலப்பக்கம் சுழித்து வைத்துக்கொண்டு கற்பக விநாயகர் வீற்றிருக்கிறார். கோவிலை ஒட்டித் திருக்குளம் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தி அன்று அங்கே தீர்த்தவாரி நடக்கும். கூட்டம் அலைமோதும்.

திருக்குளம் நீராடுவதற்கு, கை, கால் அலம்புவதற்கு. உலை வைக்கவும் தாகத்துக்குக் குடிக்கவும் வேண்டிய தண்ணீருக்குச் செட்டிநாட்டார் வேறு இடம் வைத்திருந்தார்கள். குளிக்கும் நீர்நிலை ஒன்று. குடிக்கும் நீர்நிலை வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்பது அந்தச் சீமையின் பழைய சட்டம். எழுதி வைக்காத சட்டம்!

இதே சட்டத்தை, 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இங்கிலாந்துக்காரர்களும் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அதை ஊருக்கு நடுவில் வைக்கவில்லை. வீட்டுக்குள், கை கழுவும் பேசினில் வைத்தார்கள்!

கை சுடும், கை விறைக்கும்

படிப்புக்காகவும் வேலைக்காகவும் நம்மவர்கள் பலர் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். பழைய வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியேறுகிறார்கள். முதல் நாள் காலையில் முகம் கழுவப் போனால் திகைப்புதான்.

பேசினில் இரண்டு குழாய்கள் இருக்கும். இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. இடது குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். கை வைக்க முடியாது, சுட்டுவிடும். வலது குழாயைத் திறந்தால் பனிக்கட்டி போன்ற பச்சைத் தண்ணீர். அதிலும் கை வைக்க முடியாது, விறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ தூரம்.

இளஞ்சூடான தண்ணீர் வேண்டும் என்றால் என்ன செய்வது? புதிதாகப் போனவர்கள் இரண்டு குழாயையும் திறந்துவிட்டு, கையை இங்கும் அங்கும் ஆட்டுவார்கள். ஒரு விநாடி சூடு, ஒரு விநாடி குளிர்!

"ரயில் கண்டுபிடித்த நாட்டில் இரண்டு குழாயை ஒன்றாகச் சேர்க்கத் தெரியவில்லையா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிரிப்பதற்கு முன் அந்த வீட்டின் பரணில் ஏறிப் பார்க்க வேண்டும்.

பரண் மேல் ஒரு தொட்டி

பழைய இங்கிலாந்து வீட்டில் கூரைக்குக் கீழே, பரணில், ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். சாதாரணமாக அது 50 காலன், அதாவது சுமார் 230 லிட்டர் பிடிக்கும். தெருவில் வரும் நல்ல தண்ணீர் முதலில் சமையல் அறைக்குப் போகும். அங்கே உள்ள பச்சைத் தண்ணீர்க் குழாயில் நேராக வரும். அதைத்தான் குடிப்பார்கள். தேநீருக்கும் அந்தத் தண்ணீர்தான்.

தெருக் குழாயிலிருந்து இன்னொரு கிளை பரணுக்கு ஏறித் தொட்டியை நிரப்பும். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி, ஒரு செம்புக் கொப்பரைக்குள் போகும். அங்கே சூடாகி, வெந்நீர்க் குழாய்களுக்கு வரும். அந்தக் கொப்பரை இருக்கும் அலமாரியில்தான் ஈரத் துணிகளைக் காயப் போடுவார்கள். மழைக்கும் குளிருக்கும் ஏற்ற சிக்கனம்!

ஆகவே பேசினில் வரும் வெந்நீர், பரண் தொட்டியில் கிடந்த தண்ணீர். பல வீடுகளில் அந்தத் தொட்டிக்கு மூடியே கிடையாது. தூசி விழும். பூச்சி விழும். எலியும் புறாவும் விழுந்து செத்துக் கிடந்த கதைகளும் உண்டு. "வெந்நீர்க் குழாயில் வாய் வைக்காதே!" என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கண்டிப்பது அங்கே வழக்கம்.

இப்போது விஷயம் புரிகிறது அல்லவா? அந்த இரண்டு குழாய்களும் சூடும் குளிரும் மட்டும் அல்ல. ஒன்று வந்த தண்ணீர். மற்றொன்று கிடந்த தண்ணீர்.

தொட்டி எதற்கு?

தெருவிலே குழாய் இருக்கும்போது பரண் மேல் தொட்டி எதற்கு என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டில் லண்டனில் தண்ணீர் கம்பெனிகள் நாள் முழுவதும் தண்ணீர் விடவில்லை. குறித்த நேரத்தில் விடுவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

நாளடைவில் தண்ணீர் எந்நேரமும் வர ஆரம்பித்தது. ஆனால் தொட்டி போகவில்லை. வெந்நீர்க் கொப்பரைக்கு மேலிருந்து மெதுவாக, ஒரே சீராகத் தண்ணீர் இறங்க வேண்டும் என்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

எதிர்த்து ஓடும் தண்ணீர்

சரி, இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால்தான் என்ன?

தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கு வேகம் அதிகம். பரணிலிருந்து இறங்கும் வெந்நீருக்கு வேகம் குறைவு. பத்து, பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து தானாக இறங்குகிற தண்ணீர்தானே அது. பலசாலியும் நோஞ்சானும் ஒரே வாசலில் நுழைந்தால் என்ன ஆகும்? பலசாலி நோஞ்சானைப் பின்னுக்குத் தள்ளுவான். பச்சைத் தண்ணீர் வெந்நீரைத் தள்ளிக்கொண்டு குழாயிலே மேலே ஏறிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தெருவில் எங்கோ குழாய் உடைகிறது என்று வையுங்கள். அல்லது தீயணைக்கும் வண்டி ஏராளமாகத் தண்ணீரை எடுக்கிறது. அப்போது தெருக் குழாயின் வேகம் திடீரென்று குறையும். வீட்டுக் குழாயில் இருக்கும் தண்ணீர் பின்னோக்கி ஓடும். தொட்டியில் கிடந்த தண்ணீர் தெருக் குழாய்க்குள் போய்ச் சேரும். ஒரு வீட்டுத் தொட்டியில் செத்த எலி, தெரு முழுவதற்கும் நோயாகிவிடலாம்!

இதனால்தான் இங்கிலாந்தில் தண்ணீர்ச் சட்டங்கள் கண்டிப்பாக இருந்தன. நல்ல தண்ணீரில் வேறு தண்ணீர் பின்னோக்கிக் கலக்கும்படி குழாய் போடக் கூடாது. 1999-ல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் வந்த தண்ணீர்ப் பொருத்துகள் பற்றிய விதிகளிலும் இந்தக் கட்டளை இருக்கிறது.

சமையல் அறைக்கு ஒற்றை மூக்குக் குழாய் கேட்டவர்களுக்கு ஒரு தந்திரம் செய்து கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் ஒரே மூக்கு. உள்ளே நடுவில் ஒரு தடுப்பு. வெந்நீர் ஒரு பக்கம், பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் வரும். வெளியே விழுந்த பிறகுதான் இரண்டும் சேரும்!

கைப்பிடியைக் கழற்றிய டாக்டர்

தண்ணீர் கலந்தால் என்ன நேரும் என்பதை லண்டன் நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1854 ஆகஸ்டு கடைசியில் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா பரவியது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்று அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் நம்பவில்லை. அவர் வீடு வீடாகப் போனார். "எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்?" என்று விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த கைப்பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள்!

அவர் ஊர்ச் சபையாரிடம் எடுத்துச் சொன்னார். செப்டம்பர் 8-ந் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கழிவுக் குழி இருந்தது. நோய் கண்ட கைக்குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றியிருக்கிறார்கள். குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய், கழிவு கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எமன் இருந்தான்.

சர்ச்சில் கண்ட அதிசயம்

இரண்டு குழாயிலேயே பழகிய வெள்ளைக்காரருக்கு ஒற்றைக் குழாய் எவ்வளவு புதுமை தெரியுமா? அதற்குச் சாட்சி, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில்.

1942 ஆகஸ்டு மாதம், போர் மும்முரமாக நடந்த நேரம். ஸ்டாலினைச் சந்திக்கச் சர்ச்சில் மாஸ்கோ போனார். அவருக்கு ஒரு மாளிகையை ஒதுக்கியிருந்தார்கள். கை கழுவப் போன சர்ச்சில் வியந்துபோனார். வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனிக் குழாய்கள் இல்லை! இரண்டும் ஒரே மூக்கில் கலந்து, வேண்டிய சூட்டில் வந்தன. பேசினை அடைக்கும் தக்கையும் இல்லை. ஓடும் தண்ணீரில் கை கழுவுவது அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. பின்னால் எழுதிய போர் வரலாற்றில் இதை மறக்காமல் குறிப்பிட்டார். தம் வீட்டிலும் சிறிய அளவில் இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டதாக எழுதினார்.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. ஆல்ஃபிரட் மோயன் என்ற மாணவர் 1937-ல் இரண்டு கைப்பிடி வைத்த குழாயைத் திருகியபோது, சுடுதண்ணீர் அவர் கையில் கொட்டியது. அவர் சும்மா இருக்கவில்லை. ஒரே கைப்பிடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குழாயைச் செய்தார். 1947-ல் அது கடைக்கு வந்தது.

தக்கையின் வேலை

சர்ச்சில் தக்கையைத் தேடியதில் ஓர் உண்மை இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஓடும் தண்ணீரில் கை கழுவுவதற்காக அந்தப் பேசினைச் செய்யவில்லை. குழாய் வருவதற்கு முன் அவர்கள் அறையில் ஒரு பீங்கான் கிண்ணமும் ஒரு கூஜாவும் இருக்கும். கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, அதில் முகம் கழுவுவார்கள். அந்தக் கிண்ணமே பின்னால் பேசின் ஆயிற்று. ஓட்டையைத் தக்கையால் அடைத்து, இரண்டு குழாயையும் திறந்து, பேசினிலேயே தண்ணீரைக் கலந்துகொள்வார்கள்.

இப்படிக் கலப்பதற்குத் தமிழில் ஓர் அழகான சொல் உண்டு. விளாவுதல்! "வெந்நீர் விளாவி வைத்திருக்கிறேன், குளிக்க வா" என்று கூப்பிடாத தாய் உண்டா? வெந்நீர் அடுப்பில் அண்டா கொதிக்கும். பக்கத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கும். இரண்டையும் வாளியில் விளாவிக் குளிப்போம். வெள்ளைக்காரர் பேசினில் விளாவினார். நாம் வாளியில் விளாவினோம். வித்தியாசம் ஒன்றுதான். அவர் விளாவிய தண்ணீருக்குள்ளேயே கை கழுவுவார். நாம் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வோம். நம் வழக்கமே சுத்தமானது!

விளாவுவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அதன் மேல்தான் வெந்நீரை ஊற்ற வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பினால், அந்த ஒரு கணத்தில் தவழும் குழந்தை வாளியில் கை விட்டுவிடும். 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். பிஞ்சுத் தோலுக்கு அந்த நேரம்கூட வேண்டாம்.

செட்டிநாட்டார் செய்த ஏற்பாடு

தண்ணீரைப் பிரித்து வைக்கும் வித்தையில் செட்டிநாட்டார் கெட்டிக்காரர்கள். காரணம், அது வறண்ட பூமி. பெரிய ஆறு எதுவும் அங்கே கரைபுரண்டு ஓடவில்லை. வானம் கொடுத்தால்தான் உண்டு.

நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்கள் பர்மா தேக்கையும், இத்தாலிச் சலவைக்கல்லையும் பார்த்து மலைப்பார்கள். ஆனால் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கூரை வீட்டுக்கு நடுவே உள்ள முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் கூரை நீர் முற்றத்தில் வந்து விழும். முதல் மழையில் கூரைத் தூசி கழுவிக்கொண்டு போகும், அதை விட்டுவிடுவார்கள். பிறகு முற்றத்து மூலைகளில் அண்டாவையும் கொப்பரையையும் வைத்து நல்ல மழை நீரைப் பிடிப்பார்கள். வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டுவதும் உண்டு.

மிஞ்சிய தண்ணீர் வீணாகாது. முற்றத்திலிருந்து கல் சாக்கடை வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து ஊருணிக்குப் போகும். வீட்டில் விழுந்த மழை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது!

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழை நீர் சேமிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது 2003-ல். செட்டிநாட்டு வீடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே சேமித்துக்கொண்டிருந்தன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. அந்த ஊர்களின் பெருமைகளில் இந்த நீர் ஏற்பாடும் ஒன்று.

ஊர் உண்ணும் தண்ணீர்

ஊருணி என்ற பெயரிலேயே பொருள் இருக்கிறது. ஊர் உண்ணும் நீர் உள்ள இடம் ஊருணி. உலகத்துக்கு உதவும் அறிவாளியின் செல்வத்தை, நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அவ்வளவு மதிப்பு அதற்கு!

குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. மாடு இறங்கக் கூடாது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் வேறு ஊருணி. ஆடு மாடுகளுக்கு வேறு குட்டை. குடத்தில் கொண்டுவந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால், பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் தெளியும்.

இந்தப் பழைய ஒழுங்கில் ஒரு பெரும் பிழையும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஊர் உண்ணும் நீர் என்று பெயர் வைத்துவிட்டு, பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஊருணிக் கரைக்கு வரவிடாமல் தடுத்தார்கள். பொதுக் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சொல்கிறது. தடுத்தால் தண்டனை என்று 1955-ல் தனிச் சட்டமும் வந்தது.

பிரிக்க வேண்டியது தண்ணீரை. மனிதரை அல்ல.

இங்கிலாந்து மாறிவிட்டது

இன்று இங்கிலாந்தில் பல வீடுகளில் பரண் தொட்டி இல்லை. சுவரில் மாட்டிய ஒரு பாய்லர், தெருக் குழாய்த் தண்ணீரை அப்போதைக்கு அப்போதே சூடாக்கித் தருகிறது. வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் ஒரே வேகம். ஆகவே ஒற்றை மூக்குக் குழாய் தாராளமாக வந்துவிட்டது. ஆனாலும் பழைய வீடுகளில் இரண்டு குழாய் நிற்கிறது. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

சூட்டுக்கும் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் ஆபத்தானது. 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாட்டுக்கு வந்த முன்னாள் போர்வீரர்கள் பலர் மர்மக் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் வாழும் கிருமி அது! 20 முதல் 45 டிகிரி வரை உள்ள சூட்டில் அது செழித்து வளரும். தண்ணீர்த் துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். ஆகவே கொப்பரையில் வெந்நீரை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் 60 டிகிரி தோலைச் சுட்டுவிடுமே! அதற்காக 2010-ல் இன்னொரு விதி செய்தார்கள். இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில், குளியல் தொட்டிக்கு வரும் வெந்நீர் 48 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதற்கென்று குழாயிலேயே ஒரு கருவி பொருத்துகிறார்கள். கொப்பரையில் கிருமி சாக வேண்டும். தொட்டியில் குழந்தை சுடாமல் இருக்க வேண்டும்!

நம் வீட்டில் நடப்பது என்ன?

இங்கிலாந்து வீட்டுப் பரண் தொட்டி இப்போது நம் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. முன்பு ஊருணியிலும் கிணற்றிலும் நீர் எடுத்த வீடுகளில் இன்று குழாய் இருக்கிறது; மாடியில் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது; குளியல் அறையில் கீசர் இருக்கிறது. இந்தக் கீசர்கூட லண்டன் சரக்குதான். 1868-ல் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் அங்கே அதை உண்டாக்கினார். ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார்.

நம் வீடுகளிலும் இரண்டு குழாய் உண்டு. "நல்ல தண்ணீர்க் குழாய்", "உப்புத் தண்ணீர்க் குழாய்" என்று சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். நல்ல தண்ணீர் குடிக்க. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் புழங்க. இந்தப் பிரிவு நல்லது. அதைக் காப்பாற்றுவதில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, நல்ல தண்ணீர்க் குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டி, மறு முனையை வாளிக்குள்ளோ அண்டாவுக்குள்ளோ முக்கிவைப்பது. தண்ணீர் விடுவது நின்றதும் தெருக் குழாயில் உறிஞ்சல் ஏற்படும். அண்டாவில் உள்ள தண்ணீர் பின்னோக்கிப் போகும். அதில் துணி ஊறிக்கொண்டிருந்தால், அந்த அழுக்கு அடுத்த வீட்டுக் குடத்தில் வந்து விழும். குழாயின் முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, தெருக் குழாயில் நேராக மோட்டாரை வைத்து உறிஞ்சுவது. மோட்டார் நல்ல தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. குழாயில் எங்காவது விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அந்தச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போவது ஒரு பாவம். சொந்த வீட்டுக்கு நோயை இழுப்பது மற்றொன்று. லண்டனில் செங்கல் சுவர் இற்றுப்போய் நடந்ததைத்தான் இங்கே மோட்டார் வைத்து நடத்துகிறார்கள்.

மூன்றாவது தவறு, மாடித் தொட்டியை மூடாமல் விடுவது. திறந்த தொட்டியில் டெங்கு கொசு முட்டையிடும். மூடி உடைந்தால் அன்றே புதிது போட வேண்டும். உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவுவதையும் தள்ளிப் போடக் கூடாது.

நான்காவது தவறு, கீசர்த் தண்ணீரைக் காய்ச்சிய தண்ணீர் என்று நினைப்பது. வேலை அவசரத்தில் கீசரில் வரும் வெந்நீரைப் பிடித்துக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். வெந்நீர் வேறு, கொதித்த நீர் வேறு. கீசரில் வருவது மாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர். அது சூடாகிறதே தவிர, கொதிப்பதில்லை. குடிப்பதற்கு நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்து, அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்க வேண்டும். பிறகு மூடி வைத்து ஆறவிட வேண்டும்.

செலவில்லாத காவல்

இதற்கெல்லாம் பணம் வேண்டியதில்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு ஒரு மூடி; மொள்வதற்குப் பிடி நீண்ட ஒரு செம்பு; விரல் தண்ணீரில் படக் கூடாது என்ற கண்டிப்பு. வீட்டில் எந்தக் குழாய் எந்தத் தண்ணீர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். விருந்தாளிகளுக்கும் சொல்ல வேண்டும். குழாய்க்கு மேலே "குடிக்க", "புழங்க" என்று எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு பாடம்.

ஊருக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு, பல ஊருணிகளில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது. வரத்துக் கால்வாய்கள் அடைபட்டுவிட்டன. சில இடங்களில் சாக்கடையையே ஊருணிக்குத் திருப்பிவிட்டார்கள். ஊருணியில் கலக்கும் அழுக்கு அங்கேயே நிற்பதில்லை. மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளுக்கும் ஆழ்குழாய்களுக்கும் போகும். ஊருணியைத் தூர்வாரிச் சுத்தமாக வைத்தால், குழாய் வறண்ட கோடையிலும் நிலத்தடி நீர் கை கொடுக்கும்.

வெள்ளைக்காரர் வீட்டு இரண்டு குழாயைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. அந்தக் குழாய் போனால் போகட்டும். அதற்குப் பின்னால் இருந்த விதி மட்டும் நம் வீட்டில் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரோடு கிடந்த தண்ணீர் கலக்கக் கூடாது. ஊருணி வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குழாயைத் திருகுகிறவர்களும் தெரிந்துகொண்டால் போதும். பிள்ளைகளின் வயிற்றுக்கு நோய் வராது.